வீட்டிற்கு ஒரு மருத்துவர்

ஒரு தொழில் உலகில் தோன்றுவது ஒரு நாள். அதற்குப் பெயர் அமைவது மற்றொரு நாள். அத்தொழிலைச் செய்வோர்க்கு இன்ன தகுதி வேண்டும் என்று விதி வகுக்கப்படுவது இன்னும் பிந்திய ஒரு நாள். இம்மூன்றிற்கும் இடையே கழியும் காலத்தில் எத்துணையோ தவறுகள் நேர்கின்றன. சில வேளைகளில் உயிர்களும் மாய்கின்றன. மருத்துவத் தொழிலின் வரலாறும் இதுவே. ஆசிரியத் தொழிலின் வரலாறும் இதுவே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், அவ்வளவு பழமை வாய்ந்த தொழிலைப் பற்றியதன்று. அரை நூற்றாண்டுக்குள் பிறந்து, நம் கண் முன்னரே வளர்ந்துவரும் ஒரு தொழிலைப் பற்றியது. எரிபொருள் வீணாகாதவாறு பழைய வீடுகளைச் சீர்ப்படுத்தும் தொழிலே அது. மேல்நாட்டார் இதனை 'ரெட்ரோபிட்' என்னும் சொல்லால் குறிப்பர்.

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் வாழும் நமக்கு, வீட்டிற்குள் வெப்பத்தைச் சேமித்து வைப்பது ஒரு விந்தையாகத் தோன்றலாம். குளிர் நாடுகளில் அஃது உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாதது. பனிக்காலத்தில் நாள்தோறும் எண்ணெயையோ எரிவாயுவையோ எரித்து வீட்டைச் சூடாக்குவர். அவ்வாறு ஊட்டிய வெப்பம் சுவர் வழியாகவும், கூரை வழியாகவும், பலகணிச் சந்துகள் வழியாகவும் ஓயாது வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றதுதான் இது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இதனைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலை கொள்ளவில்லை. 1973-ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, சில திங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தது. குடத்தின் ஓட்டை அன்றுதான் எல்லோர் கண்ணுக்கும் புலப்பட்டது.

ஓட்டையை அடைக்கும் வழி எளியது என்றே முதலில் எண்ணினர். கூரைக்கு அடியிலுள்ள பரணில் கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்புவது, சுவருக்குள் நுரையைச் செலுத்துவது, சன்னற் சந்துகளைப் பசை கொண்டு பூசுவது ஆகியவையே அவ்வழி. இதற்குப் பெரிய கல்வி எதற்கு? கையும் காலும் உள்ள எவரும் செய்யலாமே! ஐக்கிய அமெரிக்க நாட்டின் காங்கிரசு 1976-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கு ஏற்பச் சீர்ப்படுத்தும் உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, தொண்டர்களும் வேலை தேடி நின்றவர்களுமே பெரும்பாலும் அப்பணியில் ஈடுபட்டனர். பலகணிகளில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினர், கதவிடுக்குகளை அடைத்தனர். நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை. ஆயினும் எந்த வீட்டில் எந்த வழியாக வெப்பம் கசிகின்றது என்பதை அளந்து அறிந்தவர் அவர்களுள் அரியர்.

அளந்து அறியும் முயற்சி வேறோர் இடத்தில் நடந்துகொண்டிருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 'ட்வின் ரிவர்ஸ்' என்றோர் ஊர். அங்கே ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வரிசை வீடுகள் இருந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராபர்ட் சாக்கலோவும் அவருடைய குழுவினரும் 1970-களில் அவ்வீடுகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று மிக வியப்பானது. பரணிற் பஞ்சு பரப்பியிருந்தும், கணக்குப்படி வெளியேற வேண்டிய அளவைக் காட்டிலும் மிக மிகுதியான வெப்பம் கூரை வழியே போய்க்கொண்டிருந்தது. காரணம் என்ன? வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர்களின் கற்கள் உள்ளே பொள்ளலாக இருந்தன. புகைக்குழாயைச் சுற்றியும் இடைவெளி இருந்தது. வெதுவெதுப்பான காற்று அந்த மறைவழிகளில் ஏறி, பஞ்சைத் தொடாமலே பரணை அடைந்து வெளியேறியது. பஞ்சு பரப்பியவன் தன் வேலையைச் செவ்வனே செய்தான். சுவர் எழுப்பியவனும் தன் வேலையைச் செவ்வனே செய்தான். வீடு மட்டும் ஒழுகியது! இவ்வழிகள் கண்டறியப்பட்டபின், ஒரு வீட்டை முறையாகச் சீர்ப்படுத்தி, அதனைச் சூடாக்கச் செலவாகும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துக் காட்டினர்.

இவ்வாராய்ச்சியிலிருந்து ஒரு புதிய மனிதர் பிறந்தார். அவருக்கு 'வீட்டு மருத்துவர்' என்று பெயரிட்டனர். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, அவர் வாயிற்கதவின் இடத்தில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டினுள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பார். உள்ளே அழுத்தம் குறையவே, வெளிக்காற்று ஒவ்வொரு சந்திலும் சீறிக்கொண்டு நுழையும். எங்கே கசிவு, எவ்வளவு கசிவு என்பதை அப்போது அளந்துவிடலாம். இம்முறை சுவீடன் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. நோயறிந்து மருந்து கொடுப்பவர் முதலில் வரட்டும், கட்டுக் கட்டுபவர் பின்னர் வரட்டும் என்பதே அதன் உட்கருத்து. இந்த வரிசை முறையை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். இனி நான் கூறப்போகும் துன்பங்கள் யாவும் இவ்வரிசை தவறியதனால் விளைந்தவையே.

கனடா அரசு 1977-ஆம் ஆண்டில் வீடுகளின் வெப்பக் காப்புக்கு உதவித் தொகை வழங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் பலர் விரும்பிய பொருள் யூரியா பார்மால்டிஹைடு நுரை. சுவரில் துளையிட்டு, இரு கரைசல்களை அங்கேயே கலந்து உள்ளே செலுத்துவர். ஏனைய பொருள்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வீட்டிற்கு வருகின்றன. இந்நுரையோ வீட்டு வாசலிலேயே செய்யப்படுகின்றது. ஆகவே வேலை செய்பவனின் கையே இங்குத் தொழிற்சாலை. கலவையின் அளவு பிசகினால் பார்மால்டிஹைடு ஆவி வீட்டினுள் பரவும். மக்களின் முறையீடுகள் பெருகின. 1980-ஆம் ஆண்டு டிசம்பரில் கனடா அரசு அந்நுரைக்குத் தடை விதித்தது. அதற்குள் பல்லாயிரம் வீடுகளின் சுவர்களில் அது புகுந்துவிட்டது. பொருளைப் பரிந்துரைத்தவர் இருந்தனர். பணம் கொடுத்தவர் இருந்தனர். கலப்பவனின் கையைச் சோதிப்பவர் போதிய அளவில் இல்லை.

இதனினும் கொடிய பாடத்தை ஆஸ்திரேலியா கற்றது. உலகெங்கும் வாணிகம் தளர்ந்திருந்த 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்நாட்டு அரசு ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. வீட்டுப் பரண்களில் இலவசமாக வெப்பக் காப்பு இடுவது. அதன் வாயிலாக ஆயிரக்கணக்கானோர்க்கு உடனே வேலை கொடுப்பது. ஒரு வீட்டிற்கு 1,600 டாலர் வரை உதவித் தொகை. திட்டம் ஜூலை முதல் நாளில் முழுவேகத்துடன் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தவர் சிலரே. உதவித் தொகையைக் கண்டு புதிதாக நுழைந்தவர் பலர். வேலையை மேற்பார்க்கும் ஒருவருக்குத் தகுதி இருந்தாற் போதும், பரணுக்குள் ஊர்ந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டுவதில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. விரைவு வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பரணுக்குள் என்ன இருக்கின்றது என்று சற்று எண்ணிப் பாருங்கள். இருள், புழுதி, கோடைக்காலமாயின் தாங்கொணா வெக்கை, மரச்சட்டங்களின் மேல் படர்ந்து செல்லும் பழைய மின்கம்பிகள். அங்கே சிலர் பஞ்சுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகட்டை விரித்து, உலோக ஊசிகளால் சட்டத்தில் அறைந்தனர். ஊசி கம்பியின் உறையைத் துளைத்து உள்ளே சென்றால், விரித்த தகடு முழுவதும் மின்சாரம் பாயும். நியூசிலாந்து நாட்டில் 2007-ஆம் ஆண்டிலேயே இவ்வாறு மூவர் இறந்திருந்தனர். அச்செய்தி கடல் கடந்து வந்து எச்சரித்தும் பயனில்லாமற் போயிற்று.

2009-ஆம் ஆண்டு அக்டோபரில் 25 வயது இளைஞர் ஒருவர் மின்சாரம் தாக்கி மாண்டார். நவம்பரில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் மின்சாரத்தாலும், 19 வயது இளைஞர் ஒருவர் பரணின் வெக்கையாலும் மாண்டனர். அடுத்த பிப்ரவரியில் 22 வயது இளைஞர் ஒருவர் மின்சாரத்திற்கு இரையானார். அலுமினியத் தகட்டுக்கு உலோக ஊசி அறைவது நவம்பர் முதல் நாளிலேயே தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடை எல்லாப் பரண்களையும் எட்டவில்லை. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளில் தீ விபத்துகளும் நேர்ந்தன. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் திட்டமே கைவிடப்பட்டது. அதற்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளில் வேலை முடிந்திருந்தது.

பின்னர் நியமிக்கப்பட்ட அரசு விசாரணை ஆணையம், இயான் ஹேங்கர் என்னும் சட்ட அறிஞர் தலைமையில் ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. திட்டம் முறையாக வகுக்கப்பட்டு முறையாக நடத்தப்பட்டிருந்தால் இந்நால்வரும் இறந்திருக்க மாட்டார்கள் என்பதே அதன் முடிபு. அந்நால்வருள் ஒருவனுக்கு வயது 16. பள்ளியில் என்றால் பத்தாம் வகுப்புப் பையன். மின்கம்பி எங்கே ஓடுகின்றது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று ஒருவர் ஒரு நாள் அமர்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். தகுதி என்பது சுவரில் மாட்டும் பட்டயம் அன்று. சில வேளைகளில் அஃது ஓர் உயிரின் விலை.

அதே 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் தன் பழைய திட்டத்திற்கு 500 கோடி டாலர் ஒதுக்கிற்று. 1976-இல் தொண்டர்களோடு தொடங்கிய அத்திட்டம் அதற்குள் முப்பதாண்டுப் பட்டறிவு பெற்றிருந்தது. விசிறிச் சோதனையும், சந்துகளை அடைத்தபின் அடுப்புப் புகையும் உலைப் புகையும் வீட்டிற்குள் திரும்புகின்றனவா என்னும் சோதனையும் அங்குப் பழக்கத்தில் இருந்தன. இப்பட்டறிவின் பயனாக 2012-ஆம் ஆண்டில் நான்கு வகைப் பணியாளர்க்குத் தேசியத் தேர்வு வகுத்தனர். வீட்டை அளந்து ஆராயும் கணிப்பாளர், நேரே வேலை செய்யும் தொழிலாளர், அவர்களை நடத்தும் குழுத்தலைவர், முடிந்த வேலையைச் சரிபார்க்கும் தர ஆய்வாளர் ஆகியோர் அந்நால்வர். செய்தவரே தம் வேலைக்குத் தாமே மதிப்பெண் இடாதவாறு இறுதி ஆய்வாளரைத் தனியே வைத்தமை கருதத்தக்கது. விடை எழுதிய மாணவனே தன் தாளைத் திருத்தலாகாது அன்றோ?

இனி பிரிட்டனுக்கு வருவோம். இத்தொழிலின் பணிகளை மிக நுணுக்கமாகப் பகுத்த நாடு அதுவே. அந்நாட்டில் 1919-ஆம் ஆண்டிற்கு முன் கட்டிய வீடுகள் இன்றும் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் இடைவெளியற்ற செங்கற் சுவர்களோ கருங்கற் சுவர்களோ ஆம். மழையில் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் உலர்த்திவிடுவது அவற்றின் இயல்பு. மனிதனின் தோல் வியர்ப்பது போல அச்சுவர்கள் மூச்சு விடுகின்றன எனலாம். அவற்றின் மேல் ஆராயாது வெப்பக் காப்பைப் போர்த்தினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சன்னற் சந்துகளையும் அடைத்துவிட்டுக் காற்றோட்டத்திற்கு வேறு வழி செய்யாவிடின், சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த மூலைகளில் நீராகப் படியும். பின்னர்ப் பூசணம் பிடிக்கும். குழந்தைகளுக்கு இருமலும் இளைப்பும் வரும். வீட்டைக் காக்கப் போர்த்திய போர்வை வீட்டில் வாழ்வோரை நோயாளிகளாக்கிவிடும்.

2013-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு 'பசுமை ஒப்பந்தம்' என்னும் கடன் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மதிப்பிடுவோர், கடன் ஏற்பாடு செய்வோர், வேலை செய்வோர் என்று மூவகையினர்க்கு இடம் வகுத்தனர். மக்கள் அதனை நாடவில்லை. சுமார் 14,000 குடும்பங்களே கடன் பெற்றன. 2015-ஆம் ஆண்டு ஜூலையில் அரசு அதற்குப் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது. இதற்கிடையில், வேறோர் அரசுத் திட்டத்தின் கீழ்ப் பிரெஸ்டன் நகரின் பிஷ்விக் பகுதியில் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளின் சுவர்களுக்கு வெளிக்காப்பு இட்டிருந்தனர். அங்கே மழைநீர் காப்பின் பின்னே புகுந்து, சுவர்கள் ஊறி, பூசணம் படர்ந்தது. குற்றம் யாருடையது என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டினர். முழு வீட்டிற்கும் பொறுப்பாளி என்று எவரும் இருந்திலர்.

இத்தகைய முறையீடுகளை ஆராயுமாறு பீட்டர் பான்பீல்டு என்னும் பொறியியல் அறிஞரை அரசு பணித்தது. அவர் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் 27 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியிட்டார். அவ்வறிக்கையின் தலைப்புக்கு 'ஒவ்வொரு வீடும் பொருட்டே' என்று தமிழில் பொருள் கூறலாம். அதன் பயனாக 2019-ஆம் ஆண்டில் பி.ஏ.எஸ். 2035 என்னும் தரவிதி பிறந்தது. அவ்விதி பணிகளை இவ்வாறு பகுக்கின்றது: வீட்டாருக்கு வழி சொல்பவர் ஆலோசகர், வீட்டையும் அதில் வாழ்வோரின் பழக்கங்களையும் அளந்து எழுதுபவர் மதிப்பீட்டாளர், எச்சுவருக்கு எக்காப்பு, எச்சன்னலருகே எக்காற்றுவழி என்று வரைபவர் வடிவமைப்பாளர், வேலையைச் செய்பவர் நிறுவுநர், முடிந்தபின் வீடு உண்மையில் நலமடைந்ததா என்று பார்ப்பவர் பயன் மதிப்பீட்டாளர். இவர்கள் அனைவருக்கும் நடுவே, தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து, இடர்களை முன்னறிந்து, வீட்டின் நலனுக்குப் பொறுப்பேற்பவர் ஒருங்கிணைப்பாளர். இவருக்குப் பட்டப்படிப்புக்கு ஒரு படி கீழான ஐந்தாம் நிலைப் பட்டயம் வேண்டும் என்று வகுத்தனர். பழமையான கட்டடங்களில் வேலை என்றால் அதற்குத் தனிப் படிப்பும் உண்டு.

இவ்விதியின் சிறப்பு யாதெனின், இது பரணையும் சுவரையும் சன்னலையும் தனித்தனியே பாராமல் வீட்டை முழுமையாகப் பார்க்கச் சொல்கின்றது என்பதே. 1970-களில் ட்வின் ரிவர்ஸ் ஊரில் கண்ட உண்மை, சட்டத்தின் வடிவம் பெற நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. 2022 முதல் பிரிட்டனில் நடைபெற்ற அரசுத் திட்டங்களில் இத்தரவிதியைக் கட்டாயமாக்கியிருந்தனர். ஆயினும் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை பலரைத் திடுக்கிட வைத்தது. வெளிச்சுவர்க் காப்பு இட்ட வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் திருத்த வேண்டிய குறைகள் இருந்தன. கணக்கிட்டால் 22,000 முதல் 23,000 வீடுகள். நூற்றுக்கு ஆறில் உடனடி ஆபத்தே இருந்தது. கற்றுத் தேராத கைகள், வேலையை வாங்கியவர் மற்றொருவர்க்கு விட்டது, எவ்விதி எவ்வேலைக்கு என்ற குழப்பம், வேண்டுமென்றே செய்த குறுக்கு வழி ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. மேற்பார்வையும் பல அமைப்புகளிடையே சிதறிக் கிடந்தது. ஆறு பெயர்களையும் ஏட்டில் எழுதிவிட்டனர். அப்பெயருக்குரிய கடமை மட்டும் பல வீடுகளின் வாசற்படி ஏறவில்லை.

அப்படியானால் தகுதியும் தேர்வும் வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. நெடுங்காலம் பள்ளிகளிற் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பயிற்சிக் கல்லூரியின் சான்றிதழ் ஒருவரை நல்லாசிரியர் ஆக்கிவிடுவதில்லை. அச்சான்றிதழ் இல்லாதவரிடம் வகுப்பை ஒப்படைப்பதும் அறமன்று. பரிசோதகர் வரும் நாளில் கரும்பலகை பளபளக்கும். அவர் வராத நாளில் என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதே பள்ளியின் உண்மைத் தரம். வீட்டுத் தொழிலும் அத்தகையதே. சுவருக்குள் மறைந்துவிடும் வேலை அது. பூசிய பின் எவர் கண்ணுக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்து ஈரமே அதனைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய தொழிலில் மூன்று காவல்கள் ஒருங்கே வேண்டும். வேலை செய்யும் கைக்குப் பயிற்சி வேண்டும். முழு வீட்டிற்கும் பெயர் சொல்லிக் காட்டத்தக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவ்விருவரிடமும் ஊதியம் பெறாத ஓர் ஆய்வாளர் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதலாவது இல்லை. பிரெஸ்டனில் இரண்டாவது இல்லை. 2022-க்குப் பின் பிரிட்டனில் மூன்றாவது வலுவாக இல்லை. ஒன்று குறையினும் மற்ற இரண்டும் தளர்ந்துவிடுகின்றன.

புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்தில், எரிபொருளைக் குறைக்கும் பொருட்டுக் கோடிக்கணக்கான பழைய வீடுகளைச் சீர்ப்படுத்த வேண்டியிருக்கின்றது. பணம் ஒதுக்குவது அரசுகளுக்கு ஒரு நாள் வேலை; பஞ்சும் நுரையும் செய்வது தொழிற்சாலைக்கு ஒரு திங்கள் வேலை; கற்றறிந்த ஒரு தொழிலாளரை உருவாக்குவதோ பல ஆண்டு வேலை. முன்னிரண்டையும் விரைந்து செய்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திராத நாடுகள் என்ன விலை கொடுத்தன என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. எந்த நாட்டினராயினும், தம் வீட்டைச் சீர்ப்படுத்த ஒருவர் வந்து வாயிலில் நிற்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதன்று. இவ்வேலை முடிந்தபின் இந்த வீட்டிற்கு விடை சொல்லப்போகின்றவர் யார் என்பதே ஆகும். அக்கேள்விக்கு ஒருவர் முன்வந்து, "நான்" என்று சொல்லும் வரையில் பரணைத் திறவாதிருப்பது நலம்.